கும்பினிப் பட்டாளத்தின் காலடி மண்

1

சிவராத்திரிக்கு மறுநாள் எங்கள் பங்காளிகள் கூடிப் பட்டவன் சாமிக்குக் கிடா வெட்டுவார்கள். வாடிப்பட்டிக்கு மேற்கே, கண்மாய்க்கரையில், கூரை இல்லாத கோயில். அங்கே உச்சிப்பொழுது என்றால், வட இங்கிலாந்தின் இந்த மழைக்கார ஊரில் அப்போதுதான் விடியலாமா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. அதற்குக் கிளம்புகிற அவசரத்தில், ஒரு கையில் காபியும் மறு கையில் போனுமாக அடுப்படியில் நின்று சாமி கும்பிடுவேன்.

பூசையைவிட நான் காத்திருப்பது கறிக்கூறு வைக்கிற நேரத்துக்கு. தரையில் வாழையிலைகளை வரிசையாக விரித்து, தலைக்கட்டுக்கு ஒரு கூறு வைப்பார்கள். கல்யாணமான ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. பெயர் சொல்லிக் கூப்பிட, அவனவன் வந்து தன் கூறை எடுத்துக்கொள்வான். வெளியூரில் இருக்கிறவன் பங்கை அவன் உடன்பிறந்தான் எடுப்பான். என் கூறை இத்தனை வருடமும் அண்ணன்தான் எடுத்தார். எடுத்து, போனுக்கு நேரே தூக்கிக் காட்டுவார்.

"இந்தா பாத்துக்க, ஈரலு ஒரு துண்டு கூடவே விழுந்துருக்கு ஒனக்கு. நான் தின்னா நீ தின்ன மாதிரிதான்."

கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை விழுங்குகிறவன் நான். அந்த ஈரலைப் பார்த்தாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

இந்த வருடம் அண்ணன் பெயரைக் கூப்பிட்டார்கள். அடுத்தது என் பெயர். ஆனால் சித்தப்பா மகன் பெயர் வந்தது. தவறிவிட்டது போலிருக்கிறது என்று பொறுத்துக்கொண்டேன். கடைசி இலை வரைக்கும் எடுத்தாயிற்று. என் பெயர் வரவேயில்லை.

"அண்ணே, என் கூறு எங்கண்ணே?"

அண்ணன் போனைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமில்லாதது. கல்யாண வீட்டில் சம்பந்தியைப் பார்ப்பதுபோல ஒரு மரியாதை அதில் இருந்தது.

"ஒனக்கு இங்க ஏதுப்பா கூறு? ஒனக்குத்தான் குடுத்தனுப்பியாச்சே. வையி, எல பத்தலையாம். பெறகு பேசுறேன்."

போன் அணைந்துவிட்டது. என்னத்தைக் கொடுத்தனுப்பினார் என்று எனக்கு விளங்கவில்லை. அன்று காலை பஸ்ஸில் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். ஐம்பது வயது தாண்டிய ஆள் கறிக்காகக் கண் கலங்குகிறான் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள்.

2

ஊரில் இருக்கிறவர்களுக்கு நான் ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறேன் என்று சரியாகத் தெரியாது. "பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கிறார்" என்பது என் மனைவி மலர் எல்லோருக்கும் தரும் விளக்கம். அதில் பிழை ஒன்றும் இல்லை.

இந்த ஊரில் சில ஆண்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், சனிக்கிழமைகளில் சர்ச்சின் பின்கட்டுக் கூடத்தில் கூடிப் பழைய போர்களை மேசைமேல் நடத்துகிறார்கள். வீரர்கள் எல்லாம் சுண்டுவிரல் உயர ஈயப் பொம்மைகள். அடிக்கோலால் தூரம் அளந்து நகர்த்த வேண்டும். பகடை உருட்டி யார் செத்தான், யார் ஓடினான் என்று முடிவு செய்ய வேண்டும். பெரிய மனிதர்கள் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு இதைச் செய்வதைப் பார்த்தால் முதலில் சிரிப்பு வரும். பிறகு பழகிவிடும்.

என்னை அங்கே இழுத்துப்போனது மகள் யாழினி. சின்ன வகுப்பில் யாரோடும் ஒட்டாமல் இருந்தவள், அங்கே போனதும் கிழவர்களோடு கிழவியாக உட்கார்ந்து பகடை உருட்டினாள். வீட்டில் இரண்டு பேரும் ஒரே விளக்குக்குக் கீழே உட்கார்ந்து குதிரைகளுக்கு வண்ணம் தீட்டினோம். அப்போது அவளிடம் பேசிய தமிழ்தான் நான் அவளிடம் பேசிய தமிழிலேயே அதிகம் என்று நினைக்கிறேன். "வாலுக்குக் கறுப்பு போதும்மா." "சேணம் காயட்டும், தொடாதே." பிறகு அவள் வளர்ந்தாள், அவள் அறைக் கதவு சாத்திக்கொண்டது, அவளுடைய தூரிகைகளும் என் டப்பாவுக்கு வந்து சேர்ந்தன. இப்போது அவளுக்குப் பதினேழு. கதவைத் தட்டினால் ஆங்கிலத்தில் பதில் வரும்.

"உன் ஊர்ச் சண்டை ஒன்றைச் செய்யேன்" என்று சொன்னவர் டெரெக். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், கிளப்புக்குப் பெரியவர் மாதிரி. அப்படித்தான் கிழக்கிந்தியக் கும்பினிப் பட்டாளத்தின் சென்னைச் சிப்பாய்களை வாங்கினேன். சிவப்புக் கோட்டு, நீலத் தலைப்பாகை, வெள்ளை அரைக்கால் சராய், அதன் ஓரத்தில் ரம்பப் பல்லாக ஒரு நீலக்கோடு. எந்தப் படைக்குக் கழுத்துப்பட்டி என்ன நிறம், பொத்தான் எத்தனை என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. எதிரே நின்ற நம் ஆட்களுக்கு வேட்டி என்ன நிறம் என்று கேட்டால் எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. அவர்களை யாரும் வார்த்து விற்பதும் இல்லை. கடைசியில் என் மேசையில் நின்றவர்கள் கும்பினிக்காரர்கள் மட்டும்தான்.

"சதை" என்று பெயர் போட்டு விற்கிற வண்ணக் குப்பி ரோஸ் நிறத்தில் இருக்கும். அது சிப்பாய்க்கு ஆகாது. என் முன்கையை விளக்கில் நீட்டி, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் முகத்துக்கு நிறம் கலந்தேன். தீட்டி முடித்ததும் வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற முகங்கள் சிவப்புக் கோட்டோடு என்னைப் பார்த்தன. அன்று கொஞ்சம் பயந்துதான் போனேன்.

3

பயந்ததற்குக் காரணம் உண்டு. பட்டவன் என்றால் வெட்டுப்பட்டோ குண்டு பட்டோ செத்துச் சாமியானவர். எங்கள் பட்டவன் கும்பினிக் காலத்து ஊர்க்காவல்காரர். தீர்வை வாங்க வந்த பட்டாளம் கண்மாய் மடையை உடைக்கப் போனதாகவும், இவர் கரையில் மறித்து நின்றதாகவும், சிவப்புச் சட்டைக்காரன் சுட்டு அங்கேயே விழுந்ததாகவும் எங்கள் வீட்டில் சொல்வார்கள். விழுந்த இடத்தில் ஒரு கல். அதற்கு முகமும் கிடையாது, பெயரும் கிடையாது. சுட்டவனும் வெள்ளைக்காரன் இல்லை, ஏதோ பக்கத்து ஊர்க்காரன்தான் என்று அப்பா ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு, இதை வெளியே சொல்லாதே என்றும் சொன்னார்.

இது தெரிந்தும் ஏன் சிப்பாய்களை வாங்கினாய் என்று கேட்பீர்கள். எனக்கே தெரியவில்லை. அந்த ஆட்களை என் விளக்குக்குக் கீழே நிறுத்தி ஒரு முறை நேராகப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பொம்மைகளுக்குக் கீழே சின்ன அட்டையில் பசை தடவி மண் தூவுவார்கள், அப்போதுதான் தரையில் நிற்பதுபோல் இருக்கும். கடையில் "இந்தியப் புழுதி" என்று ஒரு டப்பா விற்கிறது. திறந்து பார்த்தேன், பிஸ்கட் தூள் மாதிரி இருந்தது. போன வருடம் சிவராத்திரி கழிந்து ஒரு நாள் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, நம்ம பட்டவன் கல்லுக்கிட்ட இருந்து கொஞ்சம் மண்ணு வேணும். உழாத மண்ணு, சுத்தமா இருக்கும்ல. இங்க கடை வச்சிருக்க காதர் பாய் ஊருக்கு வாறாரு, அவர்ட்ட குடுத்து விடுங்க."

லைன் போய்விட்டதோ என்று நான் "அண்ணே, அண்ணே" என்றேன்.

"யோசிச்சுத்தான் கேக்குறியாப்பா?"

"ஆமாண்ணே. எம்புட்டு நாளா நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

"மலருக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே. அவளுக்கென்ன, சிரிக்கிறா."

"சரி. கேட்டுட்டுச் சொல்றேன்."

யாரைக் கேட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பக்கத்து நிலத்துக்காரரையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

4

காதர் பாய்க்கு மதுரைக்குள், கோட்டைக்குள் இருந்த பழைய தெருக்களில் ஒன்று பூர்வீகம். நாலு தலைமுறையாக வியாபாரம். இங்கே மளிகையும் இறைச்சியும் விற்கிறார். எனக்கு அவர் பாய், அவருக்கு நான் மாப்ள. ஊரிலிருந்து திரும்பி வந்த அன்று மல்லித்தூள் பாக்கெட் ஒன்றை என் கையில் திணித்தார்.

"மாப்ள, மண்ணு இதுக்குள்ள இருக்கு. ஏர்போர்ட்ல போர்டு எழுதிப் போட்டுருக்கான்யா, செடி, வெத, மண்ணு எதுவும் கொண்டாரக் கூடாதுன்னு. நெஞ்சு திக்குதிக்குன்னு அடிக்கிது. தோபா தோபா, இந்த வேலைய என்னைய இனிச் செய்யச் சொல்லாத."

இந்த நாட்டுக்குள் அந்நிய மண் வரக் கூடாது என்பது சட்டம். என்னை உள்ளே விட்டவர்கள் என் ஊர் மண்ணை விட மாட்டார்கள் என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன்.

புழு பூச்சி சாகட்டும் என்று மண்ணைச் சலித்து, தட்டில் பரப்பி அடுப்புப்பெட்டியில் வைத்துச் சுட்டேன். பொழுதுபோக்குக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். வீடெல்லாம் மண்வாசனை கிளம்பியது. மாடியிலிருந்து மலர் கேட்டாள், "துணி காயுதே, மழை வந்துருச்சா?" இந்த ஊரில் எந்நேரமும்தான் மழை. ஆனால் அவள் கேட்டது வேறு மழையை.

அந்த மண்ணை ஒரு அணி முழுக்கத் தூவினேன். பிறகு கடைசி வேலையாகப் பொம்மைகளுக்குக் கண் வைத்தேன். சனிக்கிழமை மேசைக்குக் கொண்டுபோனதும் வினை ஆரம்பித்தது. என் மற்ற அணிகள் எல்லாம் நன்றாகச் சண்டை போட்டன. இந்த அணி மட்டும் முன்னே போகாது. பகடை உருட்டினால் ஒன்று நிற்கும், இல்லையென்றால் ஓடும். டெரெக் தன் பகடையைக் கொடுத்துப் பார்த்தார். அதிலும் அதேதான். "சபிக்கப்பட்டவர்கள்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி அலமாரிக்குள் அவர்களை மட்டும் தனித்தட்டில் வைத்தேன்.

ஒரு நாள் யாழினி சார்ஜர் தேடி அந்த அறைக்குள் வந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அந்த அலமாரி முன்னால் நின்றாள்.

"ப்பா, இவங்க மட்டும் ஏன் எல்லாரும் கீழ பாக்குறாங்க?"

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உண்மைதான். ஒவ்வொருவன் கண்ணிலும் கருமணியை நான் அடியிமைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மற்ற அணிகள் நேரே பார்த்தன. இவர்கள் அத்தனை பேரும் தங்கள் காலடியில் இருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கைதான் வைத்தது. வைத்த நினைவுதான் எனக்கு இல்லை.

5

சிவராத்திரிக்கு மறுநாள், அதாவது கூறு இல்லாமல் போன அன்று, வேலை முடிந்து நேரே காதர் பாய் கடைக்குப் போனேன்.

"பாய், போன தடவ அண்ணன் என்கிட்டக் குடுக்கச் சொல்லி வேற ஏதாச்சும் குடுத்தாரா?"

"வேற என்ன? மண்ணுதான் குடுத்தாரு. ஒங்க அண்ணன் ஒருத்தர் மட்டும் வரல மாப்ள, வேன் வச்சு எட்டுப் பத்துப் பேரு வந்தாக. எங்க மதுரை வீட்டு வாசல்ல செருப்பக் கூடப் போடாம நிக்கிறாக. மஞ்சத் துணில முடிச்சுப் போட்டு, பூ சுத்தி, ரெண்டு கையாலயும் குடுக்குறாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு."

"மஞ்சத் துணியா?"

"அத அவுத்துட்டுத்தான் மல்லித்தூள் பாக்கெட்ல கொட்டுனேன். துணி கெடக்கே, என் சூட்கேஸ் கைப்பிடில கட்டிருக்கேன், பெல்ட்ல வாரப்ப அடையாளத்துக்கு." என் முகத்தைப் பார்த்ததும் தராசை விட்டுவிட்டார். "என்ன மாப்ள? என்னய்யா அது?"

அவருக்குச் சொன்னேன். குலசாமியை விட்டுத் தூரதேசம் போய்க் குடியேறுகிறவன், இனித் திரும்புவதில்லை என்று ஆன பிறகு, சாமி இருக்கும் இடத்தில் மண் கேட்பான். பங்காளிகள் கூடிச் சாமியிடம் உத்தரவு கேட்டு, மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து கொடுப்பார்கள். பிடிமண் என்று அதற்குப் பெயர். அந்த மண்ணோடு சாமியும் போகும். அதை வைத்து அவன் போன ஊரில் தனிக்கோயில் எடுப்பான். அதோடு பழைய கோயிலில் அவன் தலைக்கட்டு முடிந்துபோகும்.

எங்கள் பக்கம் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் இது. எனக்கும் தெரியும். கேட்கிற வாய் என் வாயாக இருந்ததால் தெரியாமல் போயிற்று. ஊருக்குப் போகப்போகிறவன் என்றே என்னை நினைத்துக்கொண்டிருந்தவன், நான் கேட்டால் அது பிடிமண் ஆகும் என்று எப்படி நினைப்பேன்?

காதர் பாய் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அல்லா! எனக்கு எப்பிடி மாப்ள தெரியும்? ஒரு வார்த்த சொல்லிருந்தா தலைல வச்சுக் கொண்டாந்திருப்பேன்ல."

கடையின் பின்கட்டிலிருந்த சூட்கேஸிலிருந்து அந்தத் துணியை அவிழ்த்து, நாலாக மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தார்.

6

வீட்டுக்குப் போனதும் அண்ணனைக் கூப்பிட்டேன். சாப்பிட்டு முடித்துக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நான் கோயிலுக்குக் கேக்கல. பொம்மைக்குக் கேட்டேன்."

"என்ன பொம்மைக்கு?"

கண்ணாடி அலமாரியைத் திறந்து போனைத் திருப்பினேன். மூன்று வரிசையாக நின்றார்கள், துப்பாக்கி தோளில், கண் தரையில்.

"கிட்டக் கொண்டா." கொண்டுபோனேன். "செவப்புச் சட்ட போட்டுருக்கான்."

"ஆமாண்ணே."

"கும்பினிக்காரனா?"

"ஆமாண்ணே."

"மண்ணு எங்க?"

"அவங்க காலுக்குக் கீழ."

வரப்புத் தகராறில் ஒருத்தரை மண்வெட்டியோடு கண்மாய் வரை விரட்டியவர் என் அண்ணன். வையட்டும் என்று காத்திருந்தேன். வைதிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவருடைய ஒற்றைக் கண் மட்டும் திரை முழுக்கத் தெரிந்தது. அது ஒவ்வொரு பொம்மையாகப் பார்த்தது.

"நம்ம பயலுக மாதிரியே இருக்கான்யா எல்லாரும்" என்றார். பிறகு, "செருப்புப் போட்டுல்ல நிக்கிறானுக."

சிப்பாய்க்குத் தோல் செருப்பு உண்டு. வாரை நான்தான் நுனித் தூரிகையால் கறுப்புக் கோடு கோடாகத் தீட்டியிருந்தேன்.

"மொதல்ல செருப்பக் கழட்டச் சொல்லுடா. சாமி மண்ணுல செருப்போட நிக்கக் கூடாது. யாரா இருந்தா என்ன."

"திருப்பி அனுப்பிரட்டுமாண்ணே? நான் வாரேன், நானே கொண்டு வாரேன்."

"குடுத்தத வாங்குற வழக்கம் இல்லப்பா. நானா குடுத்தேன்? மனசு கேக்காம மூணு தடவ பூக்கட்டிப் பாத்தோம். போக மாட்டேன்னு சாமி சொல்லிறாதான்னுதான் இருந்துச்சு எனக்கு. மூணு தடவையும் வெள்ளப் பூத்தான் வந்துச்சு. ஒன்கூட வாரேன்னு அதுவே சொன்ன பெறகு நான் யாரு மறிக்க?"

கையிலிருந்த மஞ்சள் துணியை அலமாரித் தட்டில் வைத்தேன்.

"மொதப் பூசைக்குப் பங்காளி வந்து பொங்க வைக்கணும்ல. நீ கூப்புடுவ கூப்புடுவன்னு இருந்தேன். குடுத்தவுக வாயத் தொறந்து கேக்கக் கூடாதுல்ல, அதான் கேக்கல. இரு." எழுந்து உள்ளே போனார். அரிசி ஆலைப் பை ஒன்றிலிருந்து எதையோ எடுத்து வந்து போனுக்கு நேரே விரித்தார். பாஸ்போர்ட். போட்டோவில் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக இருந்தார். "போலீஸ்காரன் விசாரிக்க வந்தான்டா வீட்டுக்கு. ஊரே நான் எதோ கேசுல மாட்டிக்கிட்டேன்னு நெனச்சுருச்சு."

சிரித்தார். ஒரு வருடமாக அதைப் பையில் வைத்துக்கொண்டு, மாட்டுக்கு என்ன நோய், மழை எப்படி என்று மட்டும் என்னிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். இடையில் ஒருமுறை "வெளக்கு ஏத்துறீகளா?" என்று கேட்டது இப்போது ஞாபகம் வந்தது. மலர் ஏத்துறாண்ணே என்று அலட்சியமாகச் சொல்லியிருந்தேன்.

"ஒங்க ஊர்ல எப்படா குளிரு கொறையும்?" என்று கேட்டார். இத்தனை வருடமும் "அங்கிட்டுக் குளிரா?" என்றுதான் கேட்டிருக்கிறார்.

"சித்திரைல வாங்கண்ணே" என்றேன்.

7

இரண்டு நாளாகச் செருப்புகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். சின்னக் கத்தியால் ஈயத்தைச் சுரண்டி வாரை எடுக்க வேண்டும், பாதத்தை உரசி வழவழப்பாக்க வேண்டும், என் கையைப் பார்த்து மறுபடி நிறம் கலக்க வேண்டும். சுரண்டுகிற ஈயத்தூள் அந்த மண்ணில் விழாமல் மஞ்சள் துணியை அணைத்துப் பிடித்துக்கொள்கிறேன். இவர்களை இனி மேசைக்குக் கொண்டுபோவதில்லை. எங்கே வைப்பது, இவர்களுக்கு முன்னால் எப்படி விளக்கேற்றுவது, விளக்கு இவர்களுக்கா பட்டவனுக்கா என்று எதுவும் தெரியவில்லை. அண்ணன் வந்து சொல்லட்டும் என்று இருக்கிறேன்.

நேற்று மாலை யாழினி லேப்டாப்போடு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். பெரியப்பாவின் விசா விண்ணப்பத்தை அவளே நிரப்புவதாக மலரிடம் சொல்லியிருக்கிறாள். கேள்விகளை ஆங்கிலத்தில் படித்து, தன் தமிழில் என்னிடம் கேட்டாள். இதற்கு முன்னால் வெளிநாடு போனதுண்டா? இல்லை. என்ன வேலை? விவசாயம். வருகிற காரணம்? தம்பி வீட்டுக்கு என்று போடச் சொன்னேன்.

"ப்பா, இது கொஞ்சம் கஷ்டமா இருக்கு. அவங்க விசா முடிஞ்சதும் கண்டிப்பா திரும்பிப் போவாங்கன்னு ப்ரூஃப் கேக்குறாங்க."

கத்தியைக் கீழே வைத்தேன். இந்தக் கேள்வியை என்னிடமும் கேட்டார்கள். சென்னையில், கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் கேட்டாள். கண்மாய்க்கு அடுத்த நிலத்தின் பட்டா நகலை நீட்டி, கட்டாயம் திரும்பிவிடுவேன் என்றேன். பொய் சொல்லவில்லை. அந்தப் பட்டாவை அண்ணன்தான் வேட்டி மடிப்பில் வைத்துக் கசங்காமல் கொண்டுவந்திருந்தார். வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன ப்ரூஃப் குடுக்கறது? பெரியப்பா திரும்பிப் போயிருவாங்களா?"

"அவரு போயிருவாரும்மா" என்றேன். "யோசிக்காம எழுது."